மணி அடிக்காவிட்டால்?



நம் பாட்டன் பாட்டிமார் பலர் நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பல் ஏறிப் பினாங்கில் வந்து இறங்கியவர்கள். என் தாத்தாவும் அப்படித்தான். அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டால் வாந்தியையும் நெரிசலையும்தான் சொல்வார். மேலே ஓர் அறையில் காதுக்கருவி மாட்டிய தந்திக்காரர் உட்கார்ந்திருந்தது தளத்தில் படுத்து வந்தவருக்கு எங்கே தெரியும்? ஆனால் ஆபத்து என்று வந்தால் எல்லாருடைய உயிரும் அந்த அறையை நம்பித்தான்.

1912-இல் டைட்டானிக் மூழ்கியபோது, 'கலிபோர்னியன்' என்ற கப்பல் அதே பக்கத்தில் பனிக்கட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தது. அதில் தந்திக்காரர் ஒரே ஒருவர். காலை முதல் வேலை பார்த்த மனிதர் இரவு பதினொன்றரை மணி வாக்கில் படுத்துவிட்டார். சற்று நேரத்தில் டைட்டானிக் பனிமலையில் மோதியது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் சுமந்து, விளக்கு வைத்ததும் கண் அயர்கிறவர்கள் மத்தியில் வளர்ந்தவள் நான்.

மனத்தை உறுத்துவது அடுத்து நடந்ததுதான். நள்ளிரவுக்குப் பின் இளம் அதிகாரி ஒருவர் அந்த அறைக்கு வந்து, காதுக்கருவியை மாட்டிப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒலியைப் பிடிக்கும் பெட்டிக்குச் சுவர்க் கடிகாரம் போலச் சாவி கொடுக்க வேண்டும். அது ஓடாமல் நின்றிருந்ததை அவர் கவனிக்கவில்லை. டைட்டானிக்கோ அபயக்குரல் எழுப்பியபடி இருந்தது! சுமார் 1500 பேர் மாண்டார்கள்.

பின்னாளில் தானாக ஒலிக்கும் அபாய மணி வந்தது. ஆபத்திலுள்ள கப்பல் நான்கு விநாடி நீளத்தில் 12 ஒலிகளை, ஒரு விநாடி இடைவெளி விட்டு அனுப்பும். அந்தத் தாளம் கேட்டதும், தந்திக்காரர் தூங்கும் அறையில் மணி அடிக்கும். இடி மின்னலுக்கு ஏமாந்து வீணாக அடித்ததும் உண்டு, போகட்டும். கருவிக்கு மின்சாரம் நின்றாலும் அதே மணி அடித்ததே, அதுதான் எனக்குப் பிடித்தது. 'எனக்குக் காது கேட்கவில்லை' என்று கருவியே சொல்லிவிடும். "என் பிள்ளை வாயே திறக்க மாட்டான், தொல்லையே இல்லை, டீச்சர்" என்று சொல்லும் தாய்மாரிடம் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

மணியோடு பதிவேடும் உண்டு, நம் தோட்டத்துச் செக்ரோல் மாதிரி. டைட்டானிக்கின் கடைசி அழைப்புகள் எத்தனை மணிக்கு வந்தன என்பதை, மற்றக் கப்பல்களின் தந்திக்காரர்கள் குறித்து வைத்த ஏடுகளிலிருந்துதான் விசாரணையில் தொகுத்தார்கள். பிறகு வந்த விதிப்படி, ஒவ்வொரு மணி நேரத்திலும் 15-ஆம், 45-ஆம் நிமிடங்களில் மும்மூன்று நிமிடம் எல்லாக் கப்பல்களும் அபாய அலைவரிசையில் பேச்சை நிறுத்திக் காது கொடுக்க வேண்டும். தந்தி அறைக் கடிகாரத்தில் அந்த இடங்களுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டியிருப்பார்கள். ஒன்றும் கேட்கவில்லை என்றால் அதையும் ஏட்டில் எழுத வேண்டும்.

1999 பிப்ரவரி 1-ஆம் தேதியோடு கப்பல்களில் அந்தத் தந்திக் காவல் முடிந்தது. இப்போது துணைக்கோளும் புதுக் கருவிகளும் அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றையும் நாள்தோறும் சோதித்து, ஏட்டில் நேரம் போட்டு எழுதுகிறார்கள்.