பேசும் வாயிலும் பேசா வாயிலும்

கோப்புகளோடு காலங்கழிக்கும் நம் போன்ற எழுத்தர்க்குக் கணிப்பொறி வலையைப் பற்றி எழுத என்ன தகுதி உண்டு என்று அன்பர்கள் வினவலாம். வரலாற்றில் பி.ஏ. பட்டம் பெற்றுத் தில்லிக்கு வந்த நாம், இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடுவணரசு அலுவலகம் ஒன்றில் பணியாற்றி வருகிறோம். ஆங்கிலமும் இந்தியும் ஓரளவு கைவரும் என்பதனால், கணிப்பொறிகளைச் சீர்செய்ய வரும் பொறியாளர்க்குத் துணைநிற்கும் பொறுப்பும் நம் தலையில் வந்து விழுந்தது. அப்பொறுப்பில் நாம் செய்த பிழையொன்றையும், அதனால் கற்றதையும் இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

ரௌட்டர் என்னும் கருவியைத் தமிழில் திசைவி என்பர். அஞ்சலகத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிப்பவரைப் போல, வந்த செய்தி எவ்வழியே செல்லவேண்டும் என்று முடிவு செய்வது அதன் தொழில். அதற்குப் பல வாயில்கள் உண்டு. இடைமுகம் என்பது நூல் வழக்கு. வாயில் என்பதே நமக்கு எளிது.

வழியறியத் திசைவிகள் தம்முள் பேசிக்கொள்ளும் முறைகளுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, அடுத்திருப்பவர் கூறிய தொலைவை அப்படியே நம்புவது. அமெரிக்காவில் 1969ல் தொடங்கிய ஆர்ப்பாநெட் வலை முதலில் இம்முறையையே கொண்டிருந்தது. செவிவழிச் செய்தியாதலின், ஓரிணைப்பு அறுந்த பின்னும் 'வழி உண்டு' என்னும் பழஞ்சொல் சுற்றிச்சுற்றி வரும். எனவே 1979ல் அவ்வலை இணைப்புநிலை முறைக்கு மாறியது. இதில் ஒவ்வொரு திசைவியும் தன்னோடு நேரே இணைந்தவற்றை மட்டுமே அறிவிக்கும். அவ்வறிவிப்பு திரிபின்றி எல்லார்க்கும் செல்லும். அவற்றைக் கோத்து, முழு வரைபடத்தை ஒவ்வொன்றும் தானே அமைத்து, டைக்ஸ்ட்ரா என்னும் டச்சு அறிஞர் 1959ல் வெளியிட்ட கணக்குமுறையால் குறுகிய வழியைக் கண்டுகொள்ளும். 1989ல் முதன்முதலாக வெளியிடப்பெற்ற ஓ.எஸ்.பி.எஃப். என்னும் நெறிமுறை இவ்வகையைச் சார்ந்தது.

சில ஆண்டுகட்கு முன், ஒரு மாதத்தின் இறுதி நாள். நம் பிரிவின் கடைநிலை ஊழியர் ஒருவர் அன்று ஓய்வு பெறவிருந்தார். கட்வால் மலையூரினர், அதிர்ந்து பேசியறியாதவர். அவருடைய ஓய்வூதியத் தாள்கள் மாலைக்குள் கணக்கு அலுவலகத்திற்கு வலைவழிச் சென்று ஒப்புதல் பெற்றுத் திரும்பவேண்டும். அன்று காலையிலோ புதிய திசைவி பொருத்தப்பெற்றது.

"சார், எந்தெந்த வாசல்ல இதை இயக்கட்டும்?" என்று கேட்டார் பொறியாளர். திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர்.

"எல்லாத்திலேயும் போட்டுவிடுங்க தம்பி, வேலை முடியட்டும்" என்றோம் நாம், கோப்பிலிருந்து தலை நிமிராமலே.

பொறியாளர் எழுதிய ஒரே வரியில் எல்லா வாயில்களும் அடங்கிவிட்டன. அவற்றுள் ஒன்று, அதே கட்டடத்திலிருந்த வேறோர் அலுவலகத்தோடு என்றோ இணைக்கப்பெற்று மறக்கப்பட்டது. இந்நெறிமுறை இயங்கும் வாயிலில் திசைவி பத்து நொடிக்கொரு முறை வணக்கம் கூறும். பகுதி எண்ணும் கால அளவும் ஒத்திருந்து, எதிரிலிருப்பவர் வணக்கத்தில் தன் பெயரையும் கண்டால், அவரை அண்டையாராக ஏற்றுக்கொள்ளும். இரண்டிலும் பகுதி எண் 0, கடவுச்சொல்லோ இல்லை. நட்பு எளிதில் மலர்ந்தது. நமக்குரிய வழியினும் குறுகிய வழி தன்னிடம் உண்டென அத்திசைவி அறிவிக்க, நம் செய்திகள் யாவும் அங்குச் சென்று, பாதுகாப்பு அரணில் முட்டி மடிந்தன.

மணி மூன்றாயிற்று. சக ஊழியர் அணிவித்த சாமந்தி மாலையோடு அப்பெரியவர் தாழ்வாரத்து மரப்பலகையில் அமர்ந்திருந்தார். அருகில் ஊரிலிருந்து வந்த மனைவியார். தாள்கள் என்னவாயின என்று அவர் ஒருமுறையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நம் நெஞ்சம் அத்துணை உறுத்தியிராது.

பொறியாளர் அப்பரந்த வரியை நீக்கினார். கணக்கு அலுவலகத்தை நோக்கிய ஒரு வாயிலில் மட்டும் நெறிமுறையை இயக்கினார். வழி திறந்தது; தாள்களை அனுப்ப முயன்றோம். ஆயின் மறுமுனையிலிருந்து ஒரு விடையும் இல்லை.

சற்று நேரம் திரையை நோக்கியிருந்தவர் நெற்றியில் தட்டிக்கொண்டார். "சார், நம்ம உள்வலைன்னு ஒண்ணு இருக்கிறதையே யாருக்கும் சொல்லலை. பதில் எப்படித் திரும்பி வரும்?"

பின்னர் உள்வலையை நோக்கிய வாயிலையும் சேர்த்தார். ஆனால் மௌன வாயிலாகச் சேர்த்தார். மௌன வாயில் யார்க்கும் வணக்கம் கூறாது. எவரோடும் நட்புக் கொள்ளாது. எனினும் அதன்பின் ஒரு வலை இருக்கிறது என்னும் செய்தியைப் பேசும் வாயில் பிறர்க்கு அறிவிக்கும். ஒரு நிமிடத்திற்குள் விடைகள் வரத் தொடங்கின. மாலை ஐந்தரைக்கு ஒப்புதல் ஆணை பெரியவர் கையை அடைந்தது. அவர் நம்மிடம் நன்றி கூறியபோது நாம் நாணினோம்.

அன்றிரவு வீடு திரும்புகையில் அன்னையாரின் நினைவு வந்தது. தந்தையார் மறைந்தபின் ஊரிலிருந்து நம்மோடு வந்துவிட்டவர், இந்தி அறியார், ஆறு திங்களாக உள்ளறையை விட்டு அதிகம் வெளிவந்ததில்லை. குடியிருப்புச் சங்கத்தார் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டபோது, பழைய வழக்கத்தில் "நால்வர்" என்றே எழுதிக் கொடுத்திருந்தோம். பேசாதவரை இல்லாதவராகவே ஆக்கிவிட்டோமன்றோ!

மறுநாள் காலையில் அப்பதிவேட்டில் ஐவர் எனத் திருத்தினோம். எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையாரிடமும் அன்னையார் வந்திருப்பதைக் கூறினோம். மாலையில் அவ்வம்மையார் ஒரு கிண்ணத்தில் கீர் கொண்டுவந்து அன்னையார் அருகில் அமர்ந்தார். ஒருவர் மொழி ஒருவர்க்குத் தெரியாது. ஆயினும் நெடுநேரம் இருவர் குரலும் கேட்டுக்கொண்டிருந்தன.