இறவாதவர்கள் வகுத்த விதிகள்

ஜே. ஆர். ஆர். டோல்கீனின் மிடில் எர்த் உலகைப் பெரும்பாலோர் ஒரு மோதிரத்தை அழிப்பதற்கான போராட்டமாகவே நினைவில் வைத்திருக்கின்றனர். டோல்கீனோ, 1954–55இல் வெளிவந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலின் உண்மையான பொருள் இறப்பும் இறவாமையுமே என்று தம் கடிதங்களில் குறிப்பிடுகிறார். அந்த உலகில் யார் சாகலாம், யார் சாக இயலாது, இறந்தவர் எங்கே போவார் என்பவற்றுக்கெல்லாம் சட்டநூலுக்குரிய நுணுக்கத்தோடு விதிகள் உண்டு. அவற்றைச் சேர்த்துவைத்துப் படிப்பவருக்கு ஒரு கேள்வி எழாமல் இராது: இவ்விதிகள் யாருடைய சொற்களில் எழுதப்பட்டிருக்கின்றன?

எல்ஃப் இனத்தாருக்கு நோயாலும் மூப்பாலும் சாவில்லை. வாளால் கொல்லப்படலாம், ஆற்றொணாத் துயரால் உயிர் துறக்கலாம். அப்போதும் அவர்களது உயிர் உலகைவிட்டு நீங்குவதில்லை. மேற்குத் திசையில் மாண்டோஸ் என்னும் தேவனின் மண்டபங்களில் காத்திருந்து, பின் உடல் பெற்றுத் திரும்பவும் கூடும். இதில் நடைமுறைச் சிக்கல்களும் எழுகின்றன. மீரியல் என்னும் அரசி மகனைப் பெற்றபின் வாழும் விருப்பத்தையே இழந்து மாண்டோஸிடம் செல்கிறாள். திரும்பி வர மறுக்கிறாள். கணவன் ஃபின்வே மறுமணம் செய்துகொள்ள விரும்புகிறான். கைம்மை என்ற நிலையே அறியாத சமூகத்தில் இதற்கு முன்மாதிரி கிடையாது. தேவர்கள் கூடி விவாதித்துத் தனிச் சட்டம் இயற்றுகின்றனர்: முதல் மனைவி இனி ஒருபோதும் உடலுக்குத் திரும்புவதில்லை என்று உறுதியானால் மட்டுமே மறுமணம் செல்லும். இறவாமை என்பது இங்கே விடுதலையற்ற ஓர் இருப்பு. உலகம் உள்ளவரை அவர்களும் இருந்தாக வேண்டும். அதன் ஒவ்வொரு காயத்தையும் கண்டுகொண்டே இருந்தாக வேண்டும்.

மனிதருக்கான விதி மிகச் சுருக்கமானது. அவர்கள் இறக்கின்றனர், உலகின் எல்லையைக் கடந்து போய்விடுகின்றனர். எங்கே என்பது எல்ஃப்களுக்குத் தெரியாது. இந்த வெளியேற்றத்தை, படைத்தவனாகிய இலூவதார் மனித குலத்துக்கு அளித்த கொடை என்கிறது 1977இல் வெளிவந்த ‘சில்மரில்லியன்’.

கொடையை மறுத்து இறவாமையைத் தேடியவர்களின் கதைகள் அனைத்தும் ஒரே கணக்கில் முடிகின்றன. மோதிரம் வைத்திருப்பவனின் வாழ்நாள் நீள்கிறது, வாழ்வு கூடுவதில்லை. ஐந்து நூற்றாண்டுகள் அதைப் பேணிய கோல்லம் இருட்டில் மீன் தின்னும் உருவாகச் சுருங்கிப்போனான். ஒன்பது மோதிரங்களை ஏற்ற ஒன்பது மனிதர்களும் அங்கி போர்த்த வெறுமையாயினர். கடலரசாகிய நூமெனோரின் வரலாறு இதையே ஒரு நாகரிகத்தின் அளவில் சொல்கிறது. அதன் முதல் அரசன் எல்ராஸ் 500 ஆண்டுகள் வாழ்ந்து, தன் விருப்பப்படி உயிர் துறந்தான். இந்திய வாசகருக்குப் பீஷ்மரின் இச்சா மரணம் நினைவுக்கு வரலாம். அவன் வழிவந்தோரோ வாழ்நாளை நீட்டிக்க ஏங்கினர். உயிருள்ளவர்களின் வீடுகளைவிடச் சிறப்பான கல்லறைகளைக் கட்டினர். இறவாதோரின் நிலத்தை அடைந்தால் சாவில்லை என்று நம்பி, கடைசி அரசன் பெரும் கப்பற்படையோடு தடைசெய்யப்பட்ட மேற்குக் கடலில் சென்றான். தீவே கடலில் மூழ்கிற்று.

இதுவரை பார்த்தால் நீதி தெளிவாகத் தெரிகிறது: சாவை ஏற்றுக்கொள். ஆனால் சில்மரில்லியன் கதைகள் எல்ஃப்களின் பார்வையில் சொல்லப்பட்டவை. டோல்கீனே இதை எடுத்துக்காட்டுகிறார். ‘கொடை’ என்ற சொல்லைப் பயன்படுத்துவோர் சாகாதவர்கள். யுகம் யுகமாக இருந்து களைத்தவர்களுக்கு, விட்டுப்போக முடிந்தவர்களின் விதி பொறாமைக்குரியதாகத் தெரிகிறது. இக்கரைக்கு அக்கரை பச்சை. அக்கரையில் இருப்பவரை யாராவது கேட்டார்களா?

டோல்கீன் ஒருமுறை கேட்டார். அவர் மறைந்த பின், 1993இல் வெளிவந்த ‘மார்காத்’ஸ் ரிங்’ தொகுப்பில் ஓர் உரையாடல் இருக்கிறது. எல்ஃப் அரசன் ஃபின்ராடும், மூப்படைந்த மனித அறிஞை ஆண்ட்ரெத்தும் சாவைப் பற்றி வாதிடுகின்றனர். ஃபின்ராட் பரிவுடையவன், சாவு மனிதரின் இயல்பு என்று உண்மையாகவே நம்புகிறான். ஆண்ட்ரெத் அதை ஏற்க மறுக்கிறாள். மனிதர் தொடக்கத்தில் சாவுக்காகப் படைக்கப்படவில்லை, அது எங்கள்மேல் சுமத்தப்பட்டது என்பதே தன் முன்னோர் வழிவந்த அறிவு என்கிறாள். உரையாடல் முதிரும்போது அவளுடைய சினத்தின் வேர் வெளிப்படுகிறது. இளமையில் அவள் ஃபின்ராடின் தம்பி ஐக்நோரைக் காதலித்தாள். அவனும் அவளைக் காதலித்தான். ஆனால் விலகிச் சென்றான். அவன் இன்றும் இளைஞன். அவள் தலை நரைத்துவிட்டது. வாதத்தில் ஃபின்ராட் சொல்லும் எந்த நியாயமும் இந்த நரையைத் தொடவில்லை. கடைசியில் அவனிடம் எஞ்சுவது சான்றில்லாத ஒரு நம்பிக்கை மட்டுமே. அதைத்தான் அவளுக்குத் தந்துவிட்டுப் போருக்குத் திரும்புகிறான்.

இவ்விதிகளின் கடுமையான சோதனை, எல்ஃப்களிடையே பிறந்து மனிதரின் முடிவைத் தேர்ந்தவளுக்கு வாய்க்கிறது. அரை எல்ஃப் மரபினருக்கு மட்டும் எந்த இனத்தின் விதியை ஏற்பது என்ற தேர்வு உண்டு. எல்ராண்டின் மகள் ஆர்வென், அரகார்னுக்காக மனிதரின் விதியை ஏற்றாள். நாவலின் பின்னிணைப்பில், 210 வயதான அரகார்ன் தன் நேரம் வந்ததென்று படுக்கிறான். இன்னும் சிறிது காலம் இருக்கலாகாதா என்று அவள் மன்றாடுகிறாள். சாவை அஞ்சிய நூமெனோர் மக்களைப் பேதைகள் என்று எண்ணியிருந்தவள், அந்த நிமிடத்தில்தான் அவர்களுக்காக இரங்குகிறாள். கொடை என்று தன் இனத்தார் சொல்லிவந்தது கைக்கு வரும்போது கசக்கிறது. அரகார்ன் அந்தக் கசப்பை மறுப்பதில்லை. துயரத்தோடு போகலாம், நம்பிக்கை இழந்து போகவேண்டாம் என்கிறான். அவனுக்குப்பின் ஆர்வென், எல்ஃப்கள் விட்டுச்சென்ற லோத்லோரியன் காட்டுக்குத் திரும்பித் தனியே உயிர் விடுகிறாள். நாவலின் பின்னிணைப்பில் அடக்கமாக வைக்கப்பட்ட இந்தப் பக்கங்கள், முழு விதித்தொகுப்புக்கும் எழுதப்பட்ட மாற்றுத் தீர்ப்பு போல ஒலிக்கின்றன.

திரைக்கு வந்தபோது இந்த நுணுக்கம் மெலிந்தது. பீட்டர் ஜாக்சனின் 2003ஆம் ஆண்டுப் படத்தில் ஆர்வெனின் உயிர் மோதிரத்தின் விதியோடு பிணைக்கப்பட்டு, அவள் நோயுற்றவள்போல் வாடுகிறாள். 2022இல் தொடங்கிய ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ தொடரில் எல்ஃப்களின் இருப்பே ஓர் உலோகத்தை நம்பி நிற்கிறது. விதி மாறியதென்று வாசகர்கள் வருந்துவதில் பொருள் இருக்கிறது. நோய் என்றால் மருந்து தேடினால் போதும். கனிமம் என்றால் வெட்டியெடுத்தால் போதும். மருந்தில்லாத நிலையில் ஒருவர் எப்படி விடைபெறுகிறார் என்ற கேள்வி அங்கே எழ இடமில்லை.

டோல்கீனுக்கு அது ஏட்டுக் கேள்வியன்று. நான்கு வயதில் தந்தையையும் 12 வயதில் தாயையும் இழந்தவர் அவர். 1916இல் நெருங்கிய பள்ளி நண்பர் இருவரைப் போர் கொண்டுபோயிற்று. உறுதியான கத்தோலிக்கர், மறுவாழ்வில் நம்பிக்கை உடையவர். அந்த நம்பிக்கையை எளிதாகப் பாத்திரங்களுக்கு வழங்கியிருக்கலாம். அவரோ தம் உலகில் சாவுக்கு அப்பால் இருப்பதைத் தெரியாததாகவே விட்டுவைத்தார். தம் கோட்பாட்டுக்கு எதிராக ஆண்ட்ரெத்தைப் பேசவும் விட்டார்.

1971இல் மனைவி எடித் இறந்தபோது, கல்லறையில் ‘லூத்தியன்’ என்று பொறிக்கச் செய்தார். மனிதனாகிய பெரெனை மாண்டோஸிடமிருந்து மீட்டு, விலையாகத் தன் இறவாமையைக் கொடுத்த எல்ஃப் இளவரசியின் பெயர் அது. 1973இல் அவரும் அதே கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெயருக்குக் கீழே ‘பெரென்’ என்று இருக்கிறது. கதையில் அந்த இருவர் இரண்டாம் முறை இறந்தபின் எங்கே போனார்கள் என்பதை எல்ஃப்கள் அறியார். ஆக்ஸ்ஃபோர்டின் உல்வர்கோட் இடுகாட்டில் உள்ள அந்தக் கல்லும் அதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை.