மாமா நடந்த மணல்வழி

என் தாய்மாமன் மன்னார் வளைகுடாவில் சங்கு குளித்தவர். உப்புநீர் பட்டு அவர் கண்கள் எந்நேரமும் சிவந்தே இருக்கும். 1964 டிசம்பர் 22 இரவில் புயல் தனுஷ்கோடியை விழுங்கியபோது, பாம்பனில் இருந்தமையால் அவர் பிழைத்தார். இருப்புப்பாதையும், பயணிகளோடு வந்த இரயிலும் அலையிலே போயின. நம் கோயிலின் சுவர்கள் மட்டும் கூரையிழந்து நின்றன.

வாழத் தகாத இடமென அரசு அறிவித்த பின்னும், மீனவர் சிலர் அம்மண்ணை விட்டுப் பெயரவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர்களுக்கு மணலே வழி. மாமாவும் சங்கு குளிக்கும் காலங்களில் அம்மணலில்தான் நடப்பார். பேறுகால வேதனையிலிருந்த பெண்ணொருத்தியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு, கால் புதையப் புதைய நால்வர் ஓடியதை அடிக்கடி சொல்வார். பிள்ளை பிழைத்ததா என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

2017-இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரைக் கி.மீ. தார்ச்சாலை திறக்கப்பட்டது. அதைக் காண மாமா இல்லை.

2020 டிசம்பரில் புரெவி வலுவிழந்து, பாம்பன் அருகே நகராது நின்று மழை கொட்டியது. சில நாள் கழித்து அங்கே சென்றேன். சாலைமேல் மணல் ஏறிக் கிடந்தது. ஓரத்துக் கற்கள் சரிந்திருந்தன. வண்டி போகாதென்று உடன்வந்தோர் சலித்துக்கொண்டனர். எனக்கும் சலிப்புத்தான், மறைப்பானேன்?

சற்றுத் தள்ளி மூதாட்டி ஒருவர் தட்டுக்கூடையில் மணலை அள்ளி ஓரத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்.

“மருமகளுக்கு இது மாசம், ஐயா. ஆஸ்பத்திரிக்கு வண்டி வரணுமில்லையா?” என்றார்.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, இன்னொரு கூடை இருக்கிறதா என்று கேட்டேன்.