கறையும் கையும்

பட்டு நெய்யும் ஊரில் கறை என்ற சொல்லுக்குத் தனி அச்சம் உண்டு. ஆரணியில் சேலைமேல் விழும் ஒரு துளி எண்ணெய் பல நாள் உழைப்பின் கூலியைக் குறைத்துவிடும். பட்டின் கறையை அறிந்த அளவுக்கு, தறி செய்யும் மரத்தின் கறையை நாம் அறிந்ததில்லை.

அறுத்த பலகை ஈரத்தோடு கிடந்தால் நீலமும் கருமையுமாகக் கோடுகள் படர்கின்றன. வைரம் பாய்ந்த நடுமரத்தை விட்டு, வெளிறில் தேங்கிய சர்க்கரையையும் மாவுப்பொருளையும் தின்னும் பூஞ்சைகளின் வேலை அது. நீலமாய்த் தெரிவது அவற்றின் கரிய இழைகளே. மரத்தைத் தாங்கும் செல்லுலோசை அவை பெரும்பாலும் தொடுவதில்லை. அழகும் விலையும் போகும், வலு அதிகம் போகாது. மாவுப்பொருள் மிகுந்த ரப்பர் மரத்தில் இத்தொல்லை அதிகம். கேரளத்தின் பீச்சியிலுள்ள வன ஆராய்ச்சி நிலையம் அதை ஆராய்ந்திருக்கிறது.

சோதனை முறை எளியது. சிறு மரத்துண்டுகளை மருந்தில் தோய்த்து, பூஞ்சை வளரும் தட்டில் வைப்பார்கள். தோய்க்காத துண்டுகளும் உடனிருக்கும். சில வாரங்கள் கழித்து, கறை பரவிய அளவுக்கு மதிப்பெண் இடுவார்கள். தோய்க்காத துண்டு கறுக்காவிட்டால் சோதனையே செல்லாது. ஆனால் அந்தத் தட்டில் மழை பெய்வதில்லை. ஈர மரத்துக்குள் நன்கு ஊடுருவும் போராக்ஸும் போரிக் அமிலமும் மழைநீரில் கரைந்து போகக்கூடியவை.

தட்டில் இல்லாத இன்னொன்று மனிதக் கை. சோடியம் பென்டாகுளோரோபீனேட் கறையை நன்றாகவே தடுத்தது. பல நாடுகளின் மர ஆலைகளில் பல பத்தாண்டுகள் புழங்கியது. அதன் நச்சும், அதில் கலந்திருந்த டையாக்சின்களும் பிறகே கவனத்துக்கு வந்தன. 2015இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் பென்டாகுளோரோபீனாலும் அதன் உப்புகளும் சேர்க்கப்பட்டன.

எங்கள் வீட்டுக் குழித்தறிக்கு வாங்கிய மாம்பலகைகளில் நீலம் பாய்ந்தபோது, பெயர் ஒட்டாத டப்பாவில் ஒருவர் மருந்து தர முன்வந்தார். "நிறந்தான் போச்சு, வலு போகலை, காயப் போடுங்க," என்றார் தச்சர். அவர் சொல்லையே கேட்டோம். இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, நிழலில் காற்றாட உலர்த்தினோம். ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் பூஞ்சை வளராது. படிந்த நீலம் மறையவில்லை. புதிதாகப் படரவும் இல்லை.

நெசவாளி விடியல் முதல் மரத்தைத் தொட்டே வாழ்பவர். மருந்துகளுக்கு மதிப்பெண் இடும் பட்டியலில், அம்மரத்தைத் தொடும் கைக்கும் ஒரு கட்டம் வேண்டும் என்பதே தறி வீட்டில் பிறந்த எங்கள் வேண்டுகோள்.