கைக்குள் ஓடும் உயிர்

எங்க குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். பெரியப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்திருக்கிறார்கள். தொட்டால் மோட்டார் மாதிரி அதிரும். "அதிர்வு நின்னா உடனே ஆஸ்பத்திரிடா" என்பார். இடது கையில் அடைத்துப்போய், இது வலது கை.

1960-க்கு முன் ஒவ்வொரு முறையும் ரத்தக்குழாயை வெட்டித் திறக்கணும். சீக்கிரமே திறக்க இடமிருக்காது. அந்த ஆண்டு அமெரிக்காவின் சியாட்டிலில் டாக்டர் ஸ்கிரிப்னரின் யோசனையை, கருவிப் பட்டறைக்காரர் குவின்டன் டெஃப்லான் குழாயில் செய்து கொடுத்தார். முதலில் கை நீட்டியவர் கிளைட் ஷீல்ட்ஸ், ஒரு மெஷினிஸ்ட்! பதினோரு ஆண்டு வாழ்ந்தார்.

இன்றும் புதுக் குழாய்களில் சோதிப்பது இதுதான்: ரத்தம் உறையுதா, கிருமி தொற்றுதா, எத்தனை மாதம் அடைபடாமல் ஓடுது?

ஒர்க்‌ஷாப்பில் மைக்ரோமீட்டர் பிடிக்கச் சலிக்காதீர்கள். நாம் பார்க்கும் அளவு நாளை ஒருவர் கைக்குள் போகலாம்.