நூம்பலில் ஒரு சுவர்க் கடிகாரம்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி நூம்பலுக்குப் போகிறவர் யாரும் பழமையை நாடிப் போவதில்லை. அந்தக் கிராமம் பட்டணத்தோடு ஒட்டிக்கொண்டு வெகு காலமாயிற்று. ஆயினும் அங்கே நண்பர் ஒருவரது கூடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, கணீரென்று பதினொரு மணி அடித்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

மரப் பெட்டி, கண்ணாடிக் கதவு, உள்ளே பித்தளைப் பெண்டுலம். முகப்பில் நட்சத்திரத்தினுள் ‘ஜே’ என்னும் எழுத்து. ஜெர்மனியில் ஷ்ராம்பெர்க் நகரில் 1861-ல் தோன்றிய யுங்கன்ஸ் கம்பெனியின் முத்திரை அது. சாவித் துவாரங்கள் இரண்டு: ஒன்று முட்களை ஓட்டும் வில்லுக்கு, மற்றொன்று மணியடிக்கும் வில்லுக்கு. ஒரு முறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும்.

வெகு காலம் ஓடாமல் கிடந்த கடிகாரம் அது. “உள்ளே பாட்டரி மிஷினை வைத்துவிடலாம், பெண்டுலம் அழகுக்கு ஆடட்டும்” என்றானாம் நண்பரின் மகன். “உயிரை எடுத்துவிட்டு உடம்பை வைத்துக்கொண்டு என்னடா செய்வது?” என்று பாட்டியம்மாள் மறுத்துவிட்டார்.

பூந்தமல்லியிலிருந்து முதிய தொழிலாளி ஒருவர் வந்தார். உடைந்த பாகம் எதுவுமில்லை. பழைய எண்ணெய் பிசினாய் இறுகியிருந்தது. சக்கர அச்சுகள் சுழலும் துளைகள் தேய்ந்து முட்டை வடிவாகியிருந்தன. அவர் அவற்றைப் பெரிதாக்கி, தாமே கடைந்த பித்தளை வளையங்களைப் பொருத்தினார். பிறகு கடிகாரத்தைச் சுவரில் மாட்டிக் கண்களை மூடிக்கொண்டு கேட்டாராம். பெட்டி சற்றே சாய்ந்தாலும் ‘டிக்’குக்கும் ‘டக்’குக்கும் இடைவெளி ஒத்திராது, சீக்கிரமே நின்றுவிடும்.

என் கைக்கடிகாரத்துக்கு அது ஒரு நிமிஷம் பின்தங்கியிருந்தது. கோடையில் பெண்டுலத் தண்டு நீள்வதால் ஆட்டம் மந்தமாகும். அடியிலுள்ள திருகை ஏற்றினால் சரியாகும். 1906-ல் இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் ஏற்படும் முன், நுங்கம்பாக்கம் வானிலைக் கூடம் வகுத்த சென்னை நேரமே இதற்கு ஏறக்குறைய ஒன்பது நிமிஷம் பின்தங்கியதுதானே! ஒரு நிமிஷத்தைப் பொறுக்கலாம்.

கடிகாரம் அயல்நாட்டுச் சரக்கு. அதற்கு உயிர் கொடுத்த கை நம்முடையது. ஆனால் அம்முதியவரிடம் தொழில் பயில ஒருவருமில்லை. பெண்டுலத்தின் சூத்திரத்தை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்தச் செவியை எந்தப் பள்ளியில் கற்பிப்பது?

இப்போது ஞாயிறுதோறும் சாவி கொடுப்பவன் பேரன்தான். சென்ற வாரம் வெள்ளையடித்தவர்கள் கடிகாரத்தைச் சாய்த்து மாட்டிவிட்டுப் போனார்களாம். அடுத்த அறையிலிருந்தே, “பாட்டி, டக் தப்புகிறது!” என்று கூவினானாம் அவன்.