உதவிக்கு வருபவர் முதலில் உட்கார்ந்து கேட்கட்டும்!

கொற்கைக் குளத்தங்கரையில் நின்று கிழக்கே பார்த்தால் இன்று கடல் தெரியாது. வயலும் வாழையும்தான் கண்ணில் படும். பாண்டியர் காலத்தில் முத்து ஏற்றுமதியான துறைமுகம் இது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஆனால், கடல் விலகிய பிறகும் வெளியூர்க்காரர்கள் வருவது நிற்கவில்லை. வாணிபத்துக்கு வந்தார்கள், மதம் பரப்ப வந்தார்கள், ‘உங்களுக்கு உதவி செய்ய வந்திருக்கிறோம்’ என்றும் வந்தார்கள்.

படித்த பிள்ளைகள் பலர் இன்று வெளிநாட்டுக் கிராமங்களுக்குத் தன்னார்வலராகப் போக ஆசைப்படுகிறார்கள். வெளியிலிருந்து தொண்டு நிறுவனங்கள் நம் கிராமங்களுக்கும் வருகின்றன. போகிறவருக்கும், வருகிறவரை வரவேற்கிற ஊருக்கும் இந்தத் தென்கோடி மண்ணிலேயே பாடம் இருக்கிறது.

ஐம்பது ஆண்டு தங்கியவர்கள்

கொற்கைக்குப் பக்கத்தில், தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். முத்துக்குளித்துறைக்கு 16-ம் நூற்றாண்டில் வந்த போர்ச்சுக்கீசியப் பாதிரியார் அன்ரிக் அன்ரிக்கஸ், புன்னைக்காயலை மையமாக வைத்து வேலை செய்தவர். வந்ததும் அவர் செய்த முதல் வேலை தமிழ் படித்தது. பரதவர்களோடு பழகி, பேசி, எழுதிப் பழகினார். அதன் பிறகே இலக்கணமும் நூல்களும் எழுதினார். 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் தந்ததுதான். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கடற்கரையிலேயே இருந்து, 1600-ல் காலமானார்.

தேரிக்காட்டு ஊரான இடையன்குடியில் 1841-ல் குடியேறிய கால்டுவெல்லும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அங்கே இருந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் வெளியிட்டார். கொற்கையில் மண்ணைத் தோண்டிப் பழமையைத் தேடியவர்களில் அவரும் ஒருவர்.

இவர்கள் வந்த நோக்கம் மதம். அதை ஏற்பவர் உண்டு, ஏற்காதவர் உண்டு. ஆனால், ஊர் மொழியைக் கற்காமல் ஊருக்கு எதுவும் சொல்ல முடியாது என்பதில் இருவரும் தெளிவாக இருந்தார்கள்.

கோவில்பட்டியிலிருந்து களக்காட்டுக்கு

உழவர்களுக்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்று இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் வீடிழந்த அகதிகளுக்காகப் பாடுபட்டவர் பெல்ஜியம் நாட்டுத் துறவி தொமினிக் பியர். அதற்காக 1958-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். ஏழை நாடுகளின் கிராமங்களில் சில காலம் தங்கி, உழவு, கல்வி, சுகாதாரத்தில் மக்கள் தங்கள் காலில் நிற்க உதவிவிட்டு, பொறுப்பை அவர்களிடமே விட்டு வெளியேற வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்கு ‘அமைதித் தீவு’ என்று பெயர் வைத்தார். முதல் தீவு, இன்றைய வங்கதேசத்தில் சிட்டகாங் பக்கம் அமைந்தது. அடுத்த தீவு 1960-களின் இறுதியில் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், நம் களக்காட்டில் தொடங்கியது.

அதே நேரத்தில் கோவில்பட்டி மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் இளைஞர் ஒருவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் 1938-ல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, 1963-ல் அங்கே சேர்ந்தவர். பருத்தியிலும் சிறுதானியங்களிலும் பயிர் இடைவெளி, ரசாயன உரத்தின் அளவு பற்றிய ஆய்வுகள் அங்கே நடந்தன. வெளியே கரிசல்காட்டு உழவர்களோ வானத்தைப் பார்த்து விதைக்கிறவர்கள். மழை பொய்த்தால் விதைக்குப் போட்ட காசே வராது. அப்படிப்பட்டவரிடம் உர மூட்டைக் கணக்கைச் சொல்லி என்ன பயன் என்ற கேள்வி அவரைக் குடைந்தது. 1969-ல் அரசு வேலையை விட்டுவிட்டு, களக்காட்டு அமைதித் தீவில் வேளாண்மைப் பொறுப்பில் சேர்ந்தார். அவர்தான் பிற்காலத்தில் தமிழ்நாடே அறிந்த கோ.நம்மாழ்வார்.

மாதச் சம்பளம் வரும் அரசு வேலையை அந்தக் காலத்தில் விடுவது என்றால் வீட்டில் எவ்வளவு பேச்சு வாங்க வேண்டியிருக்கும் என்பது கிராமத்துக் குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

களக்காட்டில் ஏறத்தாழ பத்தாண்டுகள் இருந்தார். உழவர் வருமானத்தைக் கூட்ட வேண்டும் என்பதுதான் திட்டம். ஆனால், விளைச்சல் கூடினாலும், உரத்துக்கும் மருந்துக்கும் ஆகும் செலவு அந்த லாபத்தைத் தின்றுவிடுவதை அவர் நேரில் கண்டார். வெளியிலிருந்து வாங்கும் பொருள் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்கு உழவர் நிமிர்ந்து நிற்பார் என்ற முடிவுக்கு வந்தார். வினோபா பாவேயின் கருத்துகளும், பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரையரின் கருத்துகளும் அவரைப் பாதித்தன. 1979-ல் ‘குடும்பம்’ அமைப்பைத் தொடங்கினார். கற்றுக்கொடுக்கப் போனவர் கற்றுக்கொண்டு திரும்பிய இடம் களக்காடு. 2013 டிசம்பர் 30-ல் மறையும் வரை அந்தப் பாடத்தைத்தான் ஊர் ஊராகச் சொன்னார்.

ஹெய்ட்டியின் கறுப்புப் பன்றி

கேட்காமல் செய்த உதவி என்ன ஆகும் என்பதற்குக் கரீபியன் கடலில் ஓர் உதாரணம் உண்டு. நம்மூர் ஆட்கள் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பல் ஏறிப் போன தீவுகள் அந்தப் பக்கம்தான்.

ஹெய்ட்டி நாட்டில் சிறு உழவர் வீடுகளில் கறுப்பு நாட்டுப் பன்றி இருக்கும். வீட்டுக் கழிவையும் மேய்ச்சலில் கிடைப்பதையும் தின்று வளரும். நம் வீட்டு வெள்ளாடு மாதிரி அதுதான் அவர்களின் வங்கி. பள்ளிக்கூடச் செலவா, நோயா, கல்யாணமா... ஒன்றைப் பிடித்து விற்பார்கள். 1970-களின் இறுதியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவியது. நோய் தங்கள் நாட்டுக்கும் வந்துவிடும் என்று அமெரிக்கா அஞ்சியது. அமெரிக்கா முன்னின்று நடத்திய திட்டத்தில், 1980-களின் தொடக்கத்தில் மிச்சமிருந்த பன்றிகளும் கொல்லப்பட்டன. பதிலுக்கு அமெரிக்கப் பண்ணைப் பன்றிகள் வந்தன. அவற்றுக்குக் கூரை போட்ட கொட்டகை, சுத்தமான தண்ணீர், விலைகொடுத்து வாங்கும் தீவனம் எல்லாம் வேண்டும். வளர்ப்பவர் வீட்டிலேயே நல்ல கூரையும் தண்ணீரும் கிடையாது. ‘நாலு கால் இளவரசர்’ என்று அவற்றை மக்கள் கேலி செய்தார்கள். நோயைத் தடுக்க வேண்டியிருந்தது உண்மைதான். ஆனால், ஏழையின் கையிலிருந்து போன சேமிப்பு திரும்பி வரவில்லை.

வெள்ளத்தில் சோறு கொடுத்தவர்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தூத்துக்குடி மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகள் துண்டிக்கப்பட்டன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். பக்கத்து ஊரான புதுக்குடி மக்கள்தான் முதலில் ஓடிவந்தார்கள். தங்கள் ஊரே தண்ணீரில் இருக்கும்போது, வீட்டில் இருந்த அரிசியைச் சேர்த்துச் சமைத்துப் போட்டார்கள். பசித்தவருக்கு அந்த நேரத்தில் என்ன தேவை என்பதை அவர்களுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவில்லை.

போகிறவருக்கும் வரவேற்பவருக்கும்

வெளிநாட்டுக்கோ வேறு மாநிலத்துக்கோ தன்னார்வலராகப் போகிற பிள்ளைகள் முதல் மூன்று மாதம் மொழியையும், அந்த ஊர்ப் பயிரையும், மழை வரும் மாதத்தையும் கற்றுக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. அதற்குப் பயிற்சி எடுக்கக் கடல் தாண்ட வேண்டியதில்லை. கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் படிக்க வருவதுபோல, பக்கத்து ஊரிலிருந்தே தொடங்கலாம்.

ஊருக்கு ஒரு திட்டத்தோடு யாராவது வந்தால், மரியாதையாக உட்காரவைத்து மோர் கொடுங்கள். கூடவே இந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள்.

1. இது வேண்டும் என்று எங்கள் ஊரில் யார் கேட்டார்?

2. நீங்கள் தரும் விதை, கன்று, கருவிக்குப் பிறகு எங்கள் கைக்காசு எவ்வளவு செலவாகும்?

3. பழுதானால் சரிசெய்ய ஆள் எங்கே இருக்கிறார்?

4. இருக்கிற நாட்டு ரகத்தையோ, நாட்டு இனத்தையோ விட்டுவிடச் சொல்கிறீர்களா?

5. எத்தனை ஆண்டு இருப்பீர்கள்? போகும்போது பொறுப்பை யாரிடம் விட்டுப் போவீர்கள்?

நல்ல எண்ணத்தோடு வருகிறவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்வார். அப்படிப்பட்டவரை நம்பி வயலைக் காட்டலாம்.